கொற்றி அமிழ்த்திய படகு

பெரியவர்களே, சின்னவர்களே, காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள். ஆறுகள் தம் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பேராறு ஒன்று கடலில் விழும் இடத்தில் பொன்னந்துறை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு எதிரே, கூப்பிட்டால் குரல் எட்டாத தூரத்தில், ஆற்றின் நடுவே நாணல்திட்டு என்று ஒரு தீவு இருந்தது.

துறையைக் காக்க அரசன் வைத்த அதிகாரி வில்லவராயன். அவன் காத்தது துறையை அல்ல, தன்னைத்தான். வந்த ஆண்டே மற்றவர்களின் படகுகளையெல்லாம் பழுது என்று சொல்லிக் கரையேற்றினான். தன் படகுகளை மட்டும் ஓடவிட்டான். பன்னிரண்டு ஆண்டு அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள், தீவு மக்கள் தன் வயலில் கூலியில்லாமல் அறுவடை செய்ய வேண்டும் என்றான். அவர்கள் மாட்டோம் என்றார்கள்.

"அப்படியா? என் படகோட்டி எவனாவது தீவுப் பக்கம் துடுப்பைத் திருப்பினால் அவன் கையை ஒடிப்பேன்" என்றான் வில்லவராயன்.

பொன்னந்துறையில் கொற்றி என்று ஒருத்தி இருந்தாள். தீவில் பிறந்து இந்தக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். தீவில் கைக்குழந்தையோடு இருந்த அவள் தங்கைக்குக் கடும் காய்ச்சல் கண்டது. ஒருவன் ஆற்றை நீந்தி வந்து சேதி சொன்னான். கொற்றி வைத்தியரை அழைத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள்.

முதல் படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாமவன் அழுதான். மூன்றாமவன் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான்.

மூன்றாம் நாள் காலை தீவிலிருந்து புகை எழுந்தது. அது அடுப்புப் புகை இல்லை, தங்கையின் சிதைப் புகை என்று பார்த்த உடனே கொற்றிக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வீட்டுக்குப் போனாள். அரிவாளை எடுத்தாள். கொல்லைக் கொட்டகைக் கதவைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள். உள்ளே அவள் மாமனாரின் இலுப்பைமரப் படகு கட்டைகள் மேல் கவிழ்ந்து கிடந்தது.

கணவன் சாத்தன் ஓடி வந்தான். "என்ன செய்யப் போகிறாய்?"

"படகை இறக்கப் போகிறேன்."

"வில்லவராயன் விடமாட்டான்."

"விடச் சொல்லி நான் கேட்கவில்லையே."

சாத்தன் படகின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். கறையான் தின்ற இரண்டு பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை பொருத்தினார்கள். இடுக்குகளில் மக்கிப்போன பஞ்சைச் சுரண்டி எடுத்துப் புதுப் பஞ்சுத் திரி வைத்து அடைத்தார்கள். மேலே குங்கிலியமும் புன்னை எண்ணெயும் காய்ச்சிப் பூசினார்கள்.

சேதி கேட்டு வில்லவராயன் வந்தான். பழுதில்லாத படகு எதுவும் ஓடலாம் என்பது அரசனின் கட்டளை. அதை அவனால் மறுக்க முடியவில்லை.

"ஏழாம் நாள் காலை நானே இதில் ஏறித் தீவுக்குப் போவேன். என் கால் நனைந்தால் இது படகு இல்லை, விறகு" என்றான்.

"வாருங்கள், ஐயா" என்றாள் கொற்றி.

அவன் போன பிறகு ஒரு குடம் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றிப் பார்த்தாள். சல்லடையில் ஊற்றியதுபோல எல்லாம் வெளியே ஓடிற்று. பன்னிரண்டு ஆண்டு காய்ந்த மரம் சுருங்கியிருந்தது. சாத்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இன்னும் திரியை இறுக்கித் திணிப்போமா?"

"கூடாது. மரம் ஊறும்போது பலகை வெடித்துவிடும்" என்றாள் கொற்றி. "கல்லைக் கொண்டுவா."

படகை ஆற்றோரத்து ஆழமில்லாத தண்ணீரில் தள்ளினாள். உள்ளே கல்லை அடுக்கினாள். எல்லோரும் பார்க்கப் பார்க்கத் தன் படகைத் தானே அமிழ்த்தினாள்.

ஊர் சிரித்தது. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். வலை உலர்த்த வந்தவர்கள் சிரித்தார்கள். வில்லவராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனோடு வந்த தச்சன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு விஷயம் தெரியும். ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஊரே சிரிக்கிறது" என்றான் சாத்தன்.

"சிரிக்கட்டும். சிரிப்பு பலகைக்குள் இறங்காது. தண்ணீர்தான் இறங்கும்."

ஆறாம் நாள் கல்லை எடுத்தார்கள். தண்ணீரை இறைத்தார்கள். ஊறிப் பருத்த பலகைகள் ஒன்றோடொன்று நெருங்கி, இடையில் ஊசி நுழைய இடமில்லாமல் நின்றன. ஏழாம் நாள் வில்லவராயன் படகு நடுவில் உட்கார்ந்தான். கொற்றி ஒரு துடுப்பு, சாத்தன் ஒரு துடுப்பு.

கரையை விட்டதும் வில்லவராயன் காலடியைப் பார்த்தான். காய்ந்திருந்தது. நடு ஆற்றில் பார்த்தான். காய்ந்திருந்தது. தீவு மணலில் படகு தட்டியதும் பார்த்தான். அப்போதும் காய்ந்தேதான் இருந்தது.

உடனே அவன் ஒரு காலை வெளியே தூக்கி ஆற்றில் வைத்தான். "நனைந்துவிட்டது" என்றான்.

கரையில் கூடியிருந்த தீவு மக்கள் முணுமுணுத்தார்கள்.

"ஆறு நனைத்தது, ஐயா. படகு நனைக்கவில்லை" என்றாள் கொற்றி.

"தீர்ப்புச் சொல்வது நான். படகு பழுது."

கொற்றி வாதாடவில்லை. அவன் இறங்கியதும் படகை மணலில் இழுத்துப் போட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டாள். "சரி, ஐயா. பழுதான படகில் அரசனின் அதிகாரியை ஏற்றினால் குற்றம். உங்கள் படகு வரட்டும்."

வில்லவராயன் திரும்பி அக்கரையைப் பார்த்தான். மேல்துண்டை எடுத்து வீசினான். ஒரு முறை வீசினான், இரண்டு முறை வீசினான், மூன்று முறை வீசினான். அக்கரையில் அவனுடைய படகோட்டிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவனும் துடுப்பைத் தொடவில்லை. தீவுப் பக்கம் திருப்பினால் கை போய்விடும் என்று சொன்னவன் அவன்தானே.

வெயில் உச்சிக்கு ஏறிற்று. யாரும் அவனைத் திட்டவில்லை. ஒரு பெண் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். ஆனால் யாரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கடைசியில் அவன் தாழ்ந்த குரலில் கேட்டான். "ஏறலாமா?"

"படகு பழுதா, இல்லையா?"

"இல்லை."

"பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, ஐயா."

"பழுதில்லை" என்றான் வில்லவராயன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"அப்படியானால் இது இன்று முதல் ஓடும்" என்றாள் கொற்றி.

முதலில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றினாள். அடுத்து, கண்ணில் புரை விழுந்த ஒரு கிழவரை ஏற்றினாள். பிறகு தங்கையின் கைக்குழந்தையைத் தானே வாங்கிக் கணவன் மடியில் வைத்தாள். மிச்சம் இருந்த இடத்தில் வில்லவராயன் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்தான். துடுப்பு இரண்டையும் கொற்றியே வலித்தாள். அழுதுகொண்டேதான் வலித்தாள். ஆனால் கை நிற்கவில்லை.

அக்கரையில் படகோட்டிகள் அதைப் பார்த்தார்கள். மறுநாள் ஒருவன் தீவுக்குத் துடுப்பைத் திருப்பினான். அதற்கு மறுநாள் இரண்டு பேர். அதற்கும் மறுநாள் எல்லோரும். வில்லவராயன் எந்தக் கையையும் ஒடிக்கவில்லை. எத்தனை கையை ஒடிப்பான்?

ஆகவே கேட்டவர்களே, ஊர் சிரித்தாலும் அதிகாரம் மிரட்டினாலும், சரியென்று அறிந்ததை விடாமல் செய்து முடிப்பவரை யாராலும் தடுக்க முடியாது.