ஆராயி கடையின் காலி ஓடுகள்

சங்குத்துறை என்ற சின்ன ராஜ்யத்தை உக்கிரசேன மகாராஜா ஆண்டுவந்தார். உக்கிரமெல்லாம் பெயரில்தான். பசி வந்தால் மட்டும் கொஞ்சம் முகத்திலும் தெரியும்.

அன்றைக்கு மந்திரி இருளப்பர் தம் மாளிகையில் முப்பத்திரண்டு வகைக் கறியோடு விருந்து ஏற்பாடு செய்து, மகாராஜாவைப் பெருமையோடு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். பல்லக்கு கடற்கரைப் பக்கம் திரும்பியதோ இல்லையோ, சுட்ட சிப்பியின் வாசனை வந்து மகாராஜாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"பல்லக்கை இறக்குங்கள்," என்றார் மகாராஜா.

இறக்கிய இடம் ஆராயியின் கடை. கடை என்றால் நாலு கம்பு, மேலே ஓலை, உட்கார ஆறு பனங்கட்டை. பாறையில் பெயர்த்த சிப்பியை ஆராயி கரிநெருப்பில் வைப்பாள். அது வாய் திறந்ததும் மிளகுத்தூள், இரண்டு சொட்டு எலுமிச்சை. வலைக்காரர்கள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, ஓட்டோடு உறிஞ்சிவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்ட கட்டையில் மகாராஜாவே வந்து உட்கார்ந்தார். ஆனாலும் ஆராயிக்குப் பதம் தப்பவில்லை. பன்னிரண்டு சிப்பியைச் சுட்டுத் தட்டில் வைத்தாள்.

மகாராஜா கையை நீட்டினார். மந்திரி குறுக்கே வந்தார்.

"பொறுங்கள் பிரபு. தங்கள் பாட்டனார் கல்லில் வெட்டிவைத்த சட்டம் இருக்கிறது. மன்னர் முன் வரும் ஒவ்வொரு பாத்திரத்திலும் முதல் வாய் சுவைபார்ப்பவருக்கு."

அரண்மனைச் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று சுவைபார்ப்பவர் பொன்னுரங்கம். நல்ல மனிதர். கடமை தவறாதவர். வந்தார், ஒரு சிப்பியை எடுத்தார், உறிஞ்சினார். ஓடு காலி. அடுத்ததை எடுத்தார். அதுவும் காலி. சிப்பியில் இருப்பதே ஒரு வாய்தானே, அவர் என்ன செய்வார்? பன்னிரண்டு ஓட்டையும் வரிசையாக அடுக்கிவைத்து, "விஷம் இல்லை பிரபு," என்றார்.

மகாராஜா ஓடுகளைப் பார்த்தார். "இன்னொரு தட்டு."

அதுவும் அதே கதிதான். ஆராயி ஒரு சட்டியை எடுத்துக் காட்டினாள். "எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டித் தந்துடட்டுமா சாமி? ஒண்ணை மட்டும் தின்னு பாத்தாப் போதுமே."

"ஒரு சிப்பியில் விஷம் இருந்தால் அதை இன்னொரு சிப்பி வந்து சொல்லுமா?" என்றார் மந்திரி. "ஒவ்வொன்றும் தனித்தனிப் பாத்திரம். மூடிகூட இருக்கிறது பார்."

ஏழு தட்டு போயிற்று. எண்பத்து நாலு சிப்பி. பொன்னுரங்கம் இடைக்கச்சையை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். மகாராஜாவின் பெயருக்கும் முகத்துக்கும் இப்போது வித்தியாசமே தெரியவில்லை.

மந்திரி சமயம் பார்த்தார். "மன்னருக்கு ஏழு முறை காலி ஓட்டைப் பரிமாறிய கடை பிரபு. இதை விட்டுவைக்கலாமா?"

"இடித்துத் தள்ளுங்கள்," என்றார் மகாராஜா. பசி பேசியது.

ஆராயி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "சாமி, எனக்கு இந்த அடுப்பை விட்டா வேற ஒண்ணும் தெரியாது," என்றாள்.

ஆறாவது கட்டையில் சும்மா உட்கார்ந்திருந்தார் சாத்தப்பர். சபையில் விகடம் பேசச் சம்பளம் வாங்குகிறவர். அவர் மெதுவாக எழுந்தார்.

"மந்திரியாரே, சுவைபார்ப்பவரை நியமிப்பது யார்?"

"மகாராஜா."

"இன்னாரைத்தான் நியமிக்கலாம் என்று கல்லில் ஏதாவது?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"அப்படியென்றால் மகாராஜா தம்மையே நியமித்துக்கொள்ளட்டும். முதல் வாய் அவருக்கு. கிரீடத்தைப் பொன்னுரங்கத்துக்கு வைத்துவிடலாம், இந்த ஒரு வேளைக்கு மட்டும். அவருக்குக் கழுத்துவரை நிரம்பியிருக்கிறது. மிச்சம் கேட்கமாட்டார்."

மந்திரி வாயைத் திறப்பதற்குள் மகாராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டார். பொன்னுரங்கத்தின் தலைக்கு அது பெரிது. புருவத்தில் வந்து உட்கார்ந்தது. பல்லக்குக்காரர்கள் நாலு பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவைத்தார்கள்.

ஆராயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டாவது தட்டைக் கொண்டுவந்தாள். மகாராஜா முதல் சிப்பியை உறிஞ்சினார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவே இல்லை. அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அப்புறம் மளமளவென்று பன்னிரண்டும் உள்ளே போயின.

மந்திரி பொன்னுரங்கத்தின் முன்னால் கைகட்டி நின்றார். விடுகிற ஆளா அவர்? "அரசே, தங்கள் முன்னும் காலி ஓடுகள்தான். கடையை இடிக்க உத்தரவு தாருங்கள்."

பொன்னுரங்கம் ஏப்பம் விட்டார். அது உத்தரவா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"இருங்கள்," என்றார் சாத்தப்பர். "ஆராயி வைத்தபோது ஓட்டில் சிப்பி இருந்ததா?"

"இருந்தது."

"காலி செய்தது யார்?"

"சுவைபார்ப்பவர்."

"அப்போ குற்றம் கடை மேல் இல்லை, சுவைபார்ப்பவர் மேல்தான். மன்னருக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் தின்ற சுவைபார்ப்பவருக்கு என்ன தண்டனை? சொல்லுங்கள், இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்."

மந்திரி திரும்பிப் பார்த்தார். புதுச் சுவைபார்ப்பவர் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார். மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

"பெரிய தண்டனையெல்லாம் இல்லை," என்று இழுத்தார். "வேலையிலிருந்து நீக்கிவிடலாம். அவ்வளவுதான்."

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பர் கழுத்தில் போட்டார். ஒன்பதாவது தட்டுக்கு ஆராயியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மந்திரியிடம் திரும்பினார்.

"இருளப்பரே, ராஜ்யம் வேண்டுமானால் பொன்னுரங்கத்திடமே இருக்கட்டும். இந்த வேலையை நான் விடமாட்டேன்."