சங்கரவடிவின் மூக்குத்தி

"இது எம்பொண்டாட்டி இல்ல டீச்சர்."

ஆவுடையப்பன் மை காயாத அச்சுத்தாளை மேசைமேல் போட்டார்.

பாளையங்கோட்டைப் பாத்திரக் கடைகளில் பேர் வெட்டிப் பழுத்த கை அவருடையது. மனைவி சங்கரவடிவு போன பிறகு, அவள் முகத்தைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்செடுத்தே தீருவேன் என்று, தன் மகள் வயதுள்ள அச்சுக்கலை டீச்சர் பியூலாவிடம் சிஷ்யனாக வந்து உட்கார்ந்தவர்.

நாளைக்குத் தலைத் திவசம். படம் மாட்ட ஆணிகூட அடித்தாயிற்று.

"என்ன குறை அண்ணாச்சி?"

"வலது மூக்குலல்லா அவ குத்தியிருந்தா. தகட்டுல சரியாத்தான் வெட்டுனேன். தாளுல இடது பக்கம் போயி உக்காந்திருக்கு."

பாத்திரத்தில் வெட்டினால் வெட்டினபடியே இருக்கும். தாளில் ஒற்றினால் பக்கம் மாறும். டீச்சர் முதல் நாளே சொன்னதுதான், கைக்கு ஏறினால்தானே.

"போட்டோ ஒண்ண மாட்டிருங்களேன்."

"எந்தப் போட்டோவக் காட்டுனாலும் 'இது நான் இல்ல'ம்பா. அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு. இப்பம் நானே அதச் சொல்லுதேன். தகட்ட எடைக்குப் போட்டுருதேன்."

பியூலா மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய அச்சுப்படம் ஒன்றை எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு லென்ஸ். முந்நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரத் துரை. தோள்வரை பொய்முடி, கழுத்தில் லேஸ், கையில் இறகுப் பேனா.

"முதல்ல இதப் பாருங்க. அப்புறம் எடைக்குப் போடலாம்."

பார்த்தார். பொய்முடியில் ஒவ்வொரு சுருளும் ஒரே இழுப்பு. மெலிசாக நுழைந்து, நடுவில் பருத்து, மெலிசாக வெளியே போகிறது. கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் கோடு புள்ளி புள்ளியாகக் கரைந்திருந்தது.

"ஆத்தாடி" என்றார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் கொடுக்கிற மரியாதை அது.

பிறகு நெற்றி சுருங்கியது.

"துரை இடக்கையரோ? பேனா இடது கையில இருக்கு."

"இன்னும் பாருங்க."

லென்ஸ் மார்புக்கு இறங்கிப் பித்தானில் நின்றது. ஆவுடையப்பன் தன் சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"பித்தானும் பக்கம் மாறிக் கெடக்கு. இத வெட்டுனவனும் என்னைய மாதிரி நேரா வெட்டிட்டான்."

"தெரியாமலா?"

"முடி முடியா வெட்டுனவனுக்கா தெரியாது? தெரிஞ்சேதான் விட்டிருக்கான். இதப் பாத்துட்டுத் துரை எப்படிச் சும்மா இருந்தாரு?"

பியூலா எழுந்து போய், கைகழுவும் தொட்டிமேல் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யாரு இது?"

"நாந்தான். பின்ன யாரு?"

"சட்டைப் பை எந்தப் பக்கம்?"

"இடது..." அவர் நிறுத்தினார். கண்ணாடிக்குள் நின்றவனுக்குப் பை வலது பக்கம் இருந்தது. பித்தானும் துரைக்குக் கிடந்த மாதிரியே கிடந்தது.

தினமும் காலையில் சங்கரவடிவு கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைப்பாள். மூக்குத்தியைத் திருகி நேராக்குவாள். கண்ணாடிக்குள் அது இடது மூக்கில் மின்னும். இவர் வாசலில் நின்றுகொண்டு, நேரமாச்சு நேரமாச்சு என்று விரட்டுவார்.

ஆவுடையப்பன் தன் தாளை இரண்டு கையாலும் எடுத்தார். கண் நிறைந்துவிட்டது.

"எடைக்குப் போட்டுரலாமா அண்ணாச்சி?"

"சும்மா இருங்க டீச்சர். இதப் பாத்தா, 'இது நாந்தான்'ம்பா."