செல்வக்கனியின் கட்டிலருகே

"எனக்கு வேற இடம் போட்டுக் குடுங்க சார்" என்றாள் தவமணி.

சமூகப்பணி முதுகலை இரண்டு வருடப் படிப்பு. அதில் அவள் நாற்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்தவள். களப்பணிக்கு அவளை ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பிய பேராசிரியர் நெல்சன் அவளைவிட இளையவர்.

"என்ன ஆச்சுக்கா?"

"செல்வக்கனின்னு ஒரு பொண்ணு. சமைக்கும்போது ஸ்டவ் வெடிச்சிட்டுன்னு சொல்லுது. ஆனா முதுகுதான் சார் வெந்து கிடக்கு."

"கேட்டீங்களா?"

"புருஷன் கட்டிலை விட்டு நகரவே மாட்டேங்கிறான். நேத்து என்கிட்ட, உங்க வீடு எங்கன்னு கேட்டான்."

நெல்சன் பைக் சாவியை எடுத்தார்.

வாழையிலை விரித்த கட்டிலில் செல்வக்கனி குப்புறக் கிடந்தாள். தலைமாட்டில் அவள் புருஷன்.

"நான் என்ன சார் கேக்கணும்?" தவமணி காதோடு கேட்டாள்.

நெல்சன் நேரே அவனிடம் போனார்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா? வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

அவன் தயங்கினான். தோளில் விழுந்த நெல்சனின் கை விலகவில்லை. வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

தவமணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வகுப்பில் எழுதிப் பழகிய கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. கால் நடுங்கி ஸ்டூல் தரையில் கடகடத்தது.

செல்வக்கனி கண்ணைத் திறந்தாள்.

"பயமா இருக்காக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் தவமணி வாயெடுத்தாள்.

"ஆமாம்மா. ரொம்ப."

செல்வக்கனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பிள்ளை அவங்க வீட்டுல இருக்கு. அதான் ஸ்டவ்வுன்னு சொன்னேன்."

"அப்போ..."

"அவன்தான். பின்னால நின்னு மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினான்." அவளுக்கு மூச்சு இரைத்தது. "மொதல்ல பிள்ளையைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்கக்கா. அப்புறம் யாரு வந்து கேட்டாலும் சொல்றேன்."

வாசலில் நிழல் விழுந்தது. அவன் திரும்பிவிட்டான். நெல்சன் அவனுக்குப் பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?" என்றான்.

தவமணி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"தண்ணி கேட்டாங்க."

எழுந்து அவனைத் தாண்டி நடந்தாள். போலீஸ் அவுட்போஸ்ட் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது. வராந்தா முடிவதாக இல்லை.

பின்னால் காலடிச் சத்தம்.

வேகத்தைக் கூட்டினாள். சத்தமும் கூடியது. ஓடத் தெம்பில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை.

கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

நெல்சன்.

"சிஸ்டரைக் கட்டில் பக்கத்துல நிக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். அவர் முகமும் வெளிறியிருந்தது.

"அவன்தான் ஊத்தினானாம், மொதல்ல பிள்ளையைத் தூக்கிட்டு வரணுமாம் சார். நீங்களே போய்ப் போலீஸ்ல சொல்லிடுங்க. எனக்குக் குரலே வராது."

"அந்தப் பொண்ணு உங்ககிட்டதானேக்கா சொல்லிச்சு. நீங்க முன்னால போங்க. நான் கூட வர்றேன்."