வெளியே போகும்போது தப்பு

பர்வீனிடம் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்த அன்றிலிருந்து ஞானதுரை கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

“இதை நம்பலாமா மேடம்?”

கேபிளைக் காட்டினால் கேட்பார். கேபிளைச் செருகுகிற பெட்டியைக் காட்டினால் கேட்பார். டீக்கடையில் கிளாஸை வாங்கினால் அதையும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? பாதி ஆயுளைப் போலீஸ் குற்றப்பிரிவில் கழித்த மனுஷன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தங்கை வயதில் இருக்கிற ஒருத்தரிடம் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்க வந்திருந்தார். பர்வீன் அவரை அண்ணாச்சி என்பார். அவர் பர்வீனை மேடம் என்பார். ஒருவரை மேலே இருப்பவர் என்று ஏற்றுக்கொண்டால் அவருக்கு வேறு வார்த்தை வாயில் வராது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் பர்வீனின் ஆபீஸ். ஊரில் பாதி ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஃபயர்வால் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஃபயர்வால் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு கட்டடத்துக்குள் வருகிற, போகிற தகவலையெல்லாம் வாசலில் நிறுத்திப் பார்த்து அனுப்புகிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். பர்வீன் அதில் போடுகிற மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம். காசு கிடையாது.

இதைக் கேட்ட அன்று ஞானதுரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“எதுக்கு மேடம் சும்மா குடுக்கான்?”

“உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாருங்க. அதுக்குத்தான் திறந்து வச்சிருக்கு.”

“திறந்து கிடக்கிற வீட்டைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.”

“சரி, படுங்க,” என்றார் பர்வீன். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அருமைராஜிடமிருந்து போன் வந்தது. அவருடைய ஸ்கேன் சென்டர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டடம், அந்தப் பக்கம் ஒரு கட்டடம். இங்கே எடுக்கிற ஸ்கேன் படம் அங்கே போக வேண்டும். ஒவ்வொரு படமும் அத்தனை பெரிது. போய்ச் சேருவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம். சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியப்பன், ஃபயர்வாலில் மாட்ட, தகவல் உள்ளே வந்து வெளியே போகிற வழியான நெட்வொர்க் கார்டுகளை, அதிவேகமானவையாகப் பார்த்து வாங்கி வந்தான். ஏதோ கம்பெனி கழற்றிப் போட்ட பழைய கார்டுகள். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள். மாட்டிய பிறகு வேகம் கூடவில்லை, குறைந்தது. சில படங்கள் பாதியில் நின்றன.

பர்வீனுக்குத் தென்காசியில் வேலை இருந்தது.

“நீங்க முன்னால போங்க அண்ணாச்சி. பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க.”

ஞானதுரை போனார், பார்த்தார். அவர் பார்த்தது இதுதான். அனுப்புகிற தகவலைக் கம்ப்யூட்டர் சின்னச் சின்னப் பாக்கெட்டாக நறுக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் உள்ளதைக் கூட்டி ஒரு எண் எழுதியிருக்கும். செக்சம் என்று பெயர். வாங்குகிறவன் திரும்பக் கூட்டிப் பார்ப்பான். எண் ஒத்துவராவிட்டால் வழியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், இல்லை ஏதோ கெட்டிருக்கிறது. ஃபயர்வாலின் உள்பக்கக் கார்டில் வந்த பாக்கெட் எல்லாம் சரி. வெளிப்பக்கக் கார்டு வழியாக அந்தப் பக்கக் கட்டடத்துக்குப் போகிற பாக்கெட் எல்லாம் தப்பு. ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே.

அவர் போன் போடவில்லை. உடம்பில் ஓடுவது பழைய ரத்தம். நேரே ரிசப்ஷனுக்கு நடந்தார். நாற்காலி நிறைய நோயாளிகள். இசக்கியப்பன் அங்கே பிரிண்டரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பேச்சியம்மாள் அங்கேதான் டோக்கன் போடுகிறாள்.

ஞானதுரை அவன் முழங்கையைப் பிடித்தார்.

“லே, உள்ள வரும்போது சரியா இருக்கிறது வெளியே போகும்போது எப்பிடிலே தப்பாகும்? நடுவுல நீ மாட்டுன கார்டுதானே இருக்கு? ஆஸ்பத்திரிப் படத்தை யாருக்குலே விக்க?”

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். பேச்சியம்மாளின் கை டோக்கன் மெஷினிலேயே நின்றுவிட்டது. சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார், விஷயத்தைக் கேட்டார், இசக்கியப்பனை ஒரு அறைக்குள் உட்கார வைத்தார். சாயங்காலத்துக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் போலீசில் புகார் என்றார். அதற்கப்புறம்தான் ஞானதுரைக்குப் போன் ஞாபகம் வந்தது.

பர்வீன் தென்காசி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்.

“கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்,” என்றார் ஞானதுரை. “அவனே ஒத்துக்கிட்டான்.”

“என்னத்தை ஒத்துக்கிட்டான்?”

“தப்பு நடக்குதுன்னு.”

“நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டா நானும் ஒத்துக்கிடுவேன்.”

அறைக்குள் இசக்கியப்பன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். பர்வீனைப் பார்த்ததும் எழுந்தான்.

“அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் செய்யல. ஆனா சார் காட்டுனதை நானும் பாத்தேன். தப்பாத்தான் காட்டுது. பழைய கார்டு. அதுக்குள்ள எவனாவது என்னத்தையாவது வச்சிருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்? வாங்கிட்டு வந்தவன் நான்தானே.”

“சாப்பிட்டியா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

பர்வீன் வெளியே வந்து ஞானதுரையின் எதிரில் உட்கார்ந்தார்.

“புகார் குடுக்கணும்னா எழுத்துல வேணும். நடந்ததை உங்க லேப்டாப்புல டைப் பண்ணி எனக்கு அனுப்புங்க. யார் யார் மேல சந்தேகமோ எல்லாத்தையும் எழுதுங்க.”

ஞானதுரைக்கு இது பிடித்த வேலை. நீளமாக எழுதினார். இசக்கியப்பன் பெயர் இருந்தது. கார்டு விற்ற கடைக்காரன் இருந்தான். சும்மா கொடுக்கிற மென்பொருளை எழுதியவர்கள் மொத்தமாக ஒரு வரியில் இருந்தார்கள்.

“அனுப்பட்டுமா?”

“இருங்க. ஃபயர்வால்ல பாத்தீங்களே, அதே மாதிரி உங்க லேப்டாப்புலயும் போற பாக்கெட்டை எல்லாம் பிடிச்சுப் பாருங்க. பிடிச்சுக்கிட்டே அனுப்புங்க.”

அனுப்பினார். திரையில் வரிசை வரிசையாக வந்து விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“என்ன சொல்லுது அண்ணாச்சி?”

“செக்சம் தப்புன்னு சொல்லுது.”

“எத்தனை?”

“எல்லாம்.”

“லேப்டாப்பு யாரோடது?”

“என்னோடதுதான்.”

“வேற யாரும் கை வச்சாங்களா?”

“என் லேப்டாப்பை நான் என் வீட்டுக்காரிகிட்டயே குடுக்க மாட்டேன் மேடம்.”

“அப்போ இதை எந்தப் பிரிவுல போட?”

ஞானதுரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பர்வீன் தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். அதே புகார், அதே பாக்கெட்டுகள், வந்து சேர்ந்த இடத்தில் பிடித்தவை. ஒன்றுகூடத் தப்பில்லை.

இன்னொரு ஆளாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். ஞானதுரை விடவில்லை.

“என்கிட்டேர்ந்து தப்பாப் போகுது. உங்ககிட்ட சரியா வருது. நடுவுல எவன் மேடம் திருத்துனது?”

“உங்க கார்டு.”

“என் கார்டா? யாரைக் கேட்டு?”

பர்வீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார்.

“செக்சம் கூட்டுற வேலையைக் கம்ப்யூட்டர் செய்யாது அண்ணாச்சி. அந்த இடத்தைச் சரியா எழுதாம அப்பிடியே கார்டுகிட்ட தள்ளி விட்டுரும். கார்டு அதைக் கூட்டி எழுதி வெளிய அனுப்பும். நீங்க பாத்தது அது கார்டுக்குப் போறதுக்கு முன்னால.”

“அப்போ இங்க ஃபயர்வால்ல நான் பாத்ததும்?”

“அங்கயும் இதே மாதிரிதான்.”

“அந்தப் பக்கக் கட்டடத்துல போய்ப் பாத்திருந்தா?”

“நடந்து போனா ரோட்டைத் தாண்டுற தூரம்.”

ஞானதுரை எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியாக ஒன்று அவர் கையில் மிச்சம் இருந்தது.

“வேகம் குறைஞ்சது நிசம்தானே? அதுக்கு ஒருத்தன் காரணமா இருக்கணுமே?”

பர்வீன் ஃபயர்வாலின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார். கார்டு தானாகச் செய்கிற உதவிகளை நிறுத்துவதற்கு அதில் சில கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் டிக் போட்டார்.

“வர்ற பாக்கெட்டை எல்லாம் இந்தக் கார்டு ஒண்ணாச் சேத்துக் கட்டி உள்ள குடுக்கு. தனக்குன்னு வாங்குற கம்ப்யூட்டருக்கு அது சௌகரியம். இது வாங்கி அடுத்தவனுக்குக் குடுக்கிற கம்ப்யூட்டர். கட்டு பெருசாயிட்டா அந்தப் பக்கம் போகாது. பாதி கீழ விழும். விழுந்ததைத் திரும்ப அனுப்பணும்.”

“அப்போ கெடுக்கணும்னு செய்யல.”

“உதவி பண்ணுதேன்னு செஞ்சிருக்கு.”

ஃபயர்வாலை ஒருமுறை அணைத்துப் போட்டார்கள். ஒரு படத்தை அனுப்பிப் பார்த்தார்கள். ஞானதுரை ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கட்டடத்துக்கு ஓடினார். அவர் போய் நிற்கும்போது படம் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. அங்கே ஒரு லேப்டாப்பை மாட்டி பாக்கெட்டுகளைப் பிடித்தும் பார்த்தார். எல்லாம் சரி. பர்வீன் சொல்லாமலே அவர் பார்த்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்ததும் டாக்டரின் அறைக்குப் போனார். பர்வீன் கூடப் போகவில்லை, மாடிப்படியில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஞானதுரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் மேடம். நான் பாத்ததுல ஒரு சின்னப் பிசகு, பையன் மேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொல்லுதாரு?”

“புகார் குடுக்க மாட்டாராம். ஆனா சர்வர் ரூம் சாவியை அவன்கிட்டேர்ந்து வாங்கியாச்சு. இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கிடச் சொல்லுதாரு. ஒரு தடவை சந்தேகம்னு வந்துட்டா வச்சிருக்க முடியாதாம்.”

“ம்.”

“அவனுக்கு நான் வாதாடித்தான் பாத்தேன். உங்க லேப்டாப்புல வந்தது, அந்தப் பக்கம் நான் பிடிச்சது எல்லாத்தையும் காட்டுனேன். தலையத் தலைய ஆட்டுனாரு. ஆனா நம்பல. இதுக்கு மேல என்ன மேடம் ஆதாரம் வேணும் அவருக்கு?”

“காலையில என்ன ஆதாரம் காட்டுனீங்க?”

“ஒண்ணும் காட்டல. சொன்னேன்.”

“உடனே நம்பிட்டாரா?”

“நம்பிட்டாரு.”

“எங்க வச்சுச் சொன்னீங்க?”

ஞானதுரை கீழே எட்டிப் பார்த்தார்.

“ரிசப்ஷன்ல.”

“இப்போ எங்க வச்சு?”

“அவர் ரூமுல.”

“கதவு?”

“சாத்தியிருந்துச்சு.”

கீழே பேச்சியம்மாள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஒரே பெயரை இரண்டு தரம் கூப்பிட்டாள். ஞானதுரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“என் சர்வீஸ்ல யார்கிட்டயும் நான் செஞ்சது தப்புன்னு சொன்னதில்ல மேடம். அதுவும் அத்தனை பேர் முன்னால. அவன் பொண்டாட்டி வேற உக்காந்திருக்கா. அவனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா? கையப் பிடிச்சு மன்னிப்பு கேக்கேன்.”

பர்வீன் படியில் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.

“காலையில உங்க சத்தத்தைக் கேட்டவங்க சில பேர் ரிப்போர்ட்டுக்காக இன்னும் ரிசப்ஷன்ல உக்காந்திருக்காங்க அண்ணாச்சி. அவங்க எந்திரிச்சுப் போறதுக்குள்ள போங்க.”