இசக்கியம்மாள் எடுத்த இலை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரு மாதமாகக் கூட்டம் குறையவே, முதலாளி அண்ணாச்சி பட்டணத்திலிருந்து ஒரு பயிற்சி அதிகாரியை வரவழைத்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "சாம்பார் பிரமாதம்!" என்று ஏப்பம் விட்ட அதிகாரி, வேலைக்காரர்களை உட்காரவைத்துப் பலகையில் எழுதினார்: 'வந்தவர் மறுபடியும் வரவேண்டும். அதுவே நம் லட்சியம்.'

"உங்க திறமை இதுக்கு எப்படி உதவுது? சொல்லத் தெரியாதவங்களுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை!"

இலை எடுக்கும் இசக்கியம்மாளின் முறை வந்ததும் அதிகாரி சிரித்தார். "எச்சில் இலை எடுக்க என்னம்மா திறமை வேண்டியிருக்கு?"

வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "யாரு மறுபடி வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க வரமாட்டீங்க."

"என்ன உளறுற?"

"உங்க இலைய நான்தான எடுத்தேன்! சாம்பார் ஊத்துன சோறு அப்படியே கெடந்துச்சு. பாக்கெட் சாம்பார்ப் பொடி போட ஆரம்பிச்சதுல இருந்து எல்லா இலையும் இப்படித்தான் வருது."

அதிகாரி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார் அண்ணாச்சி.

"யாரு கேட்டா அண்ணாச்சி?"

அன்றைக்கே மல்லியும் மிளகாயும் வறுபட்டன. அவள் வேலையும் தப்பியது.

மறுநாள் அதிகாரியின் இலையை எடுக்கப் போன இசக்கியம்மாள், 'அப்பாடா' என்று மூச்சு விட்டாள். அதில் கறிவேப்பிலைகூட மிச்சமில்லை.