ஜெசிந்தா அக்காவின் இருபதாவது ஸ்வெட்டர்

குன்னூரில் ஸ்வெட்டர் பின்னத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளைத்தான் இன்னும் யாரும் கண்டதில்லை. அந்த வரிசையில் முதல் நாற்காலி ஜெசிந்தா அக்காவுக்கு.

அன்று வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. பெண்கள் பின்னல் குழு கூடும் மாடியறையில் மூன்றே பேர். செயலாளர் வசுமதி, எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்கும் மெஹருன்னிசா, அப்புறம் ஜெசிந்தா அக்கா. மற்றவர்கள் தங்கள் பங்கு ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எஸ்டேட் பால்வாடியில் இருபது பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கொடுப்பதாக ஏற்பாடு. அட்டைப்பெட்டியில் இருந்தது பத்தொன்பது. வசுமதி நான்கு முறை எண்ணிவிட்டாள். எண்ணுவதால் ஸ்வெட்டர் குட்டி போடாது என்று புரிந்து நிறுத்திவிட்டாள். பத்தொன்பது பிள்ளைகள் போட்டுக்கொண்டு நிற்க, ஒரு பிள்ளை மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதை நினைத்தாலே அவளுக்கு மனசு ஆறவில்லை. ஆறாத மனசுக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கத்துவதுதான்.

"எங்கே அக்கா ஸ்வெட்டர்?"

"அது ஜூலையிலேயே முடிஞ்சாச்சு வசு."

"முடிஞ்சது எங்கே இருக்கு?"

"அதைத்தானே சொல்ல வர்றேன். வந்ததும் வராததுமா இப்படிப் பறந்தா எப்படி?" ஜெசிந்தா அக்கா நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்தாள். துணிப்பையை மடியில் வைத்து, அதன் வாய்மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். வசுமதி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"மெஹர், நம்ம ஊர்க் குளிருக்கு இட்லி மாவு பொங்க எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாளாவது ஆகும்க்கா."

"அந்த ஸ்வெட்டரை முடிச்சுட்டு, சும்மா இருக்கட்டுமேன்னு மாவுப் பாத்திரத்துக்குப் போட்டுவிட்டேன். ஒரு வாய் காபி குடிச்சுட்டுத் திரும்புறேன், மாவு மூடியைத் தள்ளிட்டு, பரணைத் தாண்டி, மேலே போய் டமால்னு இடிக்குது!"

"யா அல்லா!" என்றாள் மெஹருன்னிசா.

"உங்க வீடு கான்கிரீட் வீடுக்கா" என்றாள் வசுமதி.

"அதனாலதான் இடிச்சதோட நின்னுச்சு. ஓட்டு வீடா இருந்தா ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அன்னைக்கு எங்க தெரு மொத்தமும் இட்லிதான். ஆளாளுக்கு ஸ்வெட்டரை இரவல் கேட்டு வாசல்ல நிக்கிறாங்க."

வசுமதிக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. இருந்த கொஞ்சத்தையும் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி மர ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டியே காலி பண்ணிவிட்டார். "இட்லி கிடக்கட்டும். பின்ன எத்தனை நாள் ஆச்சு?"

"நாளா? ஒரே மத்தியானம்! ஊசி ரெண்டும் உரசுன வேகத்துல பொறி பறக்குது. எங்க வீட்டுக்காரர் கேஸை அணைச்சுட்டு என் கைமேலேயே டீ வச்சுக்கிட்டார். அந்த வேகத்துல நூல்கண்டு மடியில நிக்குமா? குதிச்சுது, வாசலைத் தாண்டுச்சு, பஸ் ஸ்டாண்டைத் தாண்டுச்சு, மேட்டுப்பாளையம் ரோட்டுல உருண்டு பர்லியார் போயிடுச்சு. நான் பாட்டுக்குப் பின்னுறேன். திடீர்னு நூல் கனக்குது. என்னன்னு பார்த்தா, டீசல் தீர்ந்து நின்ன அரிசி லாரி! அச்சுல நூல் சுத்திக்கிச்சு."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"நல்லாக் கேட்டே போ! வரிசை பாதியில இருக்கும்போது எவளாவது ஊசியைக் கீழே வைப்பாளா? கண்ணி நழுவிடாது? பின்னினேன். ஒரு வரிசைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவா லாரி மேலே ஏறுது. ஸ்வெட்டரோட இடது கை முடியவும் லாரி எங்க வாசல்ல வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. டிரைவர் இறங்கி, தலைப்பாகையைக் கழட்டி, என் கால்ல விழுந்தான்."

வரிசைப் பாதியில் ஊசியை வைக்கக் கூடாது என்ற ஒரு வரியில் மட்டும் வசுமதிக்கு எதிர்ப்பு இல்லை. மற்றதற்கெல்லாம் இருந்தது. "பர்லியாருக்கும் உங்க வாசலுக்கும் பதினஞ்சு கிலோமீட்டர். ஒரு கண்டுல நூறு கஜம்கூட நூல் கிடையாது."

"நல்ல நூல் இழுத்தா நீளும் வசு. நீங்கள்லாம் வாங்குறது மட்டம்."

"குழு மொத்தத்துக்கும் நூல் வாங்கினது நான். உங்க கண்டும் அதே கடைதான்."

"அதானே பார்த்தேன், ஒரு இடத்துல அறுந்துச்சேன்னு!"

மெஹருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வசுமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபது. "கடைசியா கேட்கிறேன். இப்போ அது எங்கே?"

ஜெசிந்தா அக்கா பெருமூச்சு விட்டாள். "காட்டெருமை போட்டுக்கிட்டிருக்கு."

மெஹருன்னிசா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அலசித் தேயிலைச் செடிமேல காயப் போட்டிருந்தேன். ஒரு ஆண் காட்டெருமை, இந்தா, இந்தப் பீரோ அகலம் இருக்கும், மேய வந்துச்சு. கழுத்து வழியாத் தலையை விட்டுச்சு பாரு, கொம்போட உள்ளே போயிடுச்சு! என் கழுத்துப் பட்டை அவ்வளவு வாகு. கையில முன்னங்காலை விட்டுக்கிட்டு, எங்க ஜன்னல் கண்ணாடியில முன்னும் பின்னும் பார்த்துட்டு, நிமிர்ந்து நடந்து போகுது. மறுநாள் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்குது. அதுக்கும் வேணுமாம். அப்புறம் மச்சினி, நாத்தனார்... மொத்தம் முப்பத்திரண்டு உருப்படி பின்னியிருக்கேன் வசு! கணக்கெடுக்க வந்த காட்டிலாகா ஆளுங்க, இது என்ன கோடு போட்ட புது ஜாதின்னு குழம்பிப்போய் நிக்கிறாங்க. இதுல பால்வாடிக்கு எங்கே நேரம்?"

வசுமதி எழுந்தாள். கதவைத் தாழ் போட்டாள். திரும்பி வந்து, கோத்திருந்த கைகளுக்கு அடியிலிருந்து துணிப்பையை ஒரே இழுப்பில் உருவி மேஜைமேல் கவிழ்த்தாள். ஊசிகள் விழுந்தன, ஒரு கண்ணாடிக் கூடு, பாதி தின்ற வர்க்கி பிஸ்கட் விழுந்தன, பிரித்துப் பிரித்து நூடுல்ஸ் மாதிரி சுருண்டுபோன ரோஸ் நூல் விழுந்தது. கடைசியாக ஒரே ஒரு சதுரத் துண்டு. ஸ்வெட்டரின் முதுகு.

"ஆறு மாசத்துல ஒரு முதுகு" என்றாள் வசுமதி. "எருமைக்கு நெஞ்சு குளிராதா?"

ஜெசிந்தா அக்கா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "ஒன்பது தடவை பிரிச்சேன் வசு. சீரியல் பார்த்துக்கிட்டே பின்னுறேனா, மாமியார் வர்ற இடத்துல கை இறுகிடுது. விளம்பரம் வந்தாத் தளர்ந்துடுது. முன்பக்கம் பொம்மைக்குச் சரியா இருந்தா, பின்பக்கம் எங்க வீட்டுக்காரருக்குச் சரியா இருக்கு. எல்லாரும் கேட்கிறீங்க. என்னத்தைச் சொல்றது?"

வசுமதி இன்னும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். முழுங்கிக்கொண்டாள். அளவு நாடாவை முதுகுமேல் வைத்துப் பார்த்தாள். கடவுள் புண்ணியத்தில், அந்த முதுகு மட்டும் நாலு வயசுப் பிள்ளைக்குச் சரியாக இருந்தது.

"முன்பக்கம் நான். மெஹர், ரெண்டு கையும் உனக்கு."

"கழுத்துப் பட்டை எனக்கு!" என்றாள் ஜெசிந்தா அக்கா, பழைய குரல் திரும்பி வந்து. "குன்னூர்லயே கழுத்துப் பட்டைக்கு என்னை விட்டா ஆள் இல்லை."

வேண்டாம் என்று வசுமதி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருட்டுவதற்குள் இருப்பது நான்கு மணி நேரம், வேறு கைகளும் இல்லை. "முடிக்கிறப்போ மட்டும் நூலை இழுத்துப் பிடிக்காதீங்க. பிள்ளை தலை நுழையணும்" என்று மூன்று முறை சொன்னாள்.

ஆறரை மணிக்கு இருபதாவது ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. பார்க்க அழகாகவே இருந்தது. மூன்று பேருக்கும் கை நிமிரவில்லை. கழுத்தை நீட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, பனிமூட்டத்துக்குள் பால்வாடிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பத்தொன்பது பேருக்கு மளமளவென்று போட்டாயிற்று. கடைசியில் தன்ஷிகா, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள். ரோஸ் ஸ்வெட்டரை வசுமதி கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜெசிந்தா அக்கா முன்னால் போனாள்.

"இது நானே, நேத்து ஒரே மத்தியானத்துல, தனியா உட்கார்ந்து பின்னினது டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைமேல் கவிழ்த்தாள்.

கைகள் வெளியே வந்தன. உடம்பு கச்சிதமாகப் பொருந்தியது. தலை மட்டும் வரவில்லை. ஜெசிந்தா அக்கா இழுத்தாள். டீச்சர் இழுத்தார். வசுமதி முட்டி போட்டு உட்கார்ந்து இழுத்தாள். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு மேடு, அதன் உச்சியில் ஒரு கொத்து முடி. அவ்வளவுதான்.

"பட்டையில ஒரு தப்பும் இல்லை" என்றாள் ஜெசிந்தா அக்கா, கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து. "என் ஸ்வெட்டரோட சூடு அப்படி. போட்ட உடனே பிள்ளைக்கு மூளை வளர்ந்திடுச்சு!"

ரோஸ் மேட்டுக்குள்ளிருந்து சின்னக் குரல் ஒன்று, அவசரமே இல்லாமல் கேட்டது:

"டீச்சர்... கரன்ட் போயிடுச்சு."