வெங்காயத்துக்கு மேலே ஒரு ஜெனரேட்டர்

தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரப்படாமல் கேளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்றை நடத்திவந்தவர் கயித்தான். தோணியை நடத்துபவரைத் தண்டல் என்பார்கள். அவர் சொல்லாமல் அதில் ஒரு முடிச்சுகூட அவிழாது.

அது மே மாதத் தொடக்கம். காற்று மாறிவிட்டால் அதன்பின் நான்கு மாதம் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. கடைசி நடைக்காகக் கிடங்கு நிறைய வெங்காய மூட்டைகளை அடுக்கி, மூடிமேல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டியாகிவிட்டது. அப்போதுதான் ஒரு லாரி வந்து நின்றது. அதில் பெரிய மரப்பெட்டிக்குள் ஐந்து டன் எடையுள்ள ஜெனரேட்டர். அதனுடன் வந்தவர் இப்ராஹிம் தீதி, மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளி ஆசிரியர். தூத்துக்குடியில் சில ஆண்டுகள் வாழ்ந்ததால் தமிழ் தெரியும்.

தீவிலிருந்த பழைய ஜெனரேட்டர் எரிந்துபோயிருந்தது. மருத்துவமனையில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூட்டைய இறக்கி இத அடியில வைக்கணும்னா ரெண்டு நாள் ஆகும், சார். வானிலை தாங்காது” என்றார் கயித்தான்.

“அப்போ மேலேயே வையுங்க, தண்டல். நாலு மாசம் எங்களால காத்திருக்க முடியாது.”

கயித்தான் பெட்டியைச் சுற்றிவந்து கயிறு கட்ட இடம் பார்த்தார். பிறகு அதை மேல்தளத்தில் ஏற்றிக் கட்டச் சொன்னார். “என் உசுரு மேல சத்தியம், சார். பெட்டி உங்க தீவுல இறங்கும்.”

மூன்றாம் நாள் நண்பகலில் மேற்கே வானம் கறுத்தது. அரை மணி நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. தோணி இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர நேரம் எடுத்துக்கொண்டது. அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம் சாய்ந்து, இன்னும் மெதுவாக நிமிர்ந்தது. மேல்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. தோணியில் இருந்தது மொத்தம் எட்டு உயிர்.

“ஓரப் பலகையக் கழத்துங்கல! பெட்டியத் தள்ளணும்!” என்று கயித்தான் கத்தினார்.

மூத்த மாலுமி பெலவேந்திரன் ஓடிவந்தான். “தண்டல், கிடங்கத் திறப்போம். நான் இறங்கி மூட்டைய எறியுதேன். பாரம் குறைஞ்சாப் போதும்லா? போனா வெங்காயந்தான போவுது!”

“மூடியத் தொடாத!”

காரணம் சொல்ல அவருக்கு நேரமில்லை. தீதி பெட்டியை இரு கைகளாலும் கட்டிக்கொண்டார். “வெங்காயத்தைக் காப்பாத்திட்டு இதைத் தள்ளுவீங்களா? சத்தியம் பண்ணீங்களே, தண்டல்! என்னையும் சேர்த்துத் தள்ளுங்க!”

கயித்தான் கோடரியை எடுத்தார். “அவரப் பிடில!” பெலவேந்திரன் தீதியை இடுப்போடு வளைத்துப் பிரித்திழுத்தான். தோணி மறுபடி சாய்ந்த கணத்தில் கயிறு வெட்டுப்பட்டது. பெட்டி தளத்தைத் தேய்த்துக்கொண்டு சரிந்து, கடலில் விழுந்து மறைந்தது. தோணி ஒரு உலுக்கலுடன் நிமிர்ந்தது.

இரண்டு நாள் கழித்துத் தீவை அடைந்தார்கள். அதுவரை தீதி சோற்றைத் தொடவில்லை. துறையில் ஊரே நின்றது. ஜெனரேட்டரை நிறுத்தச் சிமெண்ட் மேடைகூடக் கட்டி வைத்திருந்தார்கள். பிரசவம் பார்க்கும் தாதி ஹவ்வா முன்னால் வந்து ஏதோ கேட்டாள்.

“பெட்டி எங்கேன்னு கேக்கறாங்க” என்றார் தீதி.

“சத்தியம் பண்ணினதும் நான்தான், தள்ளினதும் நான்தான்னு சொல்லுங்க, சார்.”

தீதி அதை அப்படியே அவர்கள் மொழியில் சொன்னார். ஹவ்வா மறுபடி கேட்டாள்.

“அப்போ என்னதான் கொண்டுவந்தீங்கன்னு கேக்கறாங்க.”

கயித்தான் தலையைத் தாழ்த்திக்கொண்டார். “வெங்காயம்” என்றார்.

ஒரு மூட்டைகூட நனைந்திருக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். வெங்காயத்தை எறிந்து ஜெனரேட்டரைக் காப்பாற்றப் பார்த்தான் பெலவேந்திரன். ஜெனரேட்டரைத் தள்ளி வெங்காயத்தைக் கொண்டுவந்தார் கயித்தான். இருவரில் யார் செய்தது சரி?

விடை: புயலில் கயித்தான் செய்ததே சரி. அந்த அலையில் மூடியைத் திறந்தால் கிடங்கில் தண்ணீர் நிரம்பிவிடும். தண்ணீர் புகாவிட்டாலும், அடியிலிருந்த மூட்டைகள் குறையக் குறைய மேலிருக்கும் ஐந்து டன் தோணியை இன்னும் எளிதாகக் கவிழ்த்திருக்கும். பாரத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்தே எட்டுப் பேரும் மூழ்கியிருப்பார்கள். ஆனால் கனமான பெட்டியை மேலே ஏற்றச் சம்மதித்தவரும் அவர்தான்; தன் உயிர்மேல் சத்தியம் செய்தபோது மற்ற ஏழு உயிரை அவர் எண்ணவில்லை. அதனால்தான் துறையில் நின்று அவர் இந்தக் காரணங்களில் ஒன்றையும் சொல்லவில்லை. காற்று தணிந்தபின் முதல் நடையில் வேறொரு ஜெனரேட்டரைக் கிடங்கின் அடியில் வைத்துக் கொண்டுபோய் இறக்கினார். இடைப்பட்ட நான்கு மாதத்தில் அந்தத் தீவில் ஆறு குழந்தைகள் பிறந்ததாகவும், அவற்றில் ஒன்று தங்கவில்லை என்றும் தீதி அவரிடம் சொன்னார்.